போர்டு பார்வையிட்டது

மீட்டிங் நடப்பதற்கு முந்தின நாளே மினிட்ஸை எழுதி முடித்துவிடுவது என் வழக்கம். அதில் எனக்கு அந்தக் காலத்தில் பெரிய கர்வம். யார் என்ன பேசினார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுத எந்த மடையனாலும் முடியும். பேசுவதற்கு முன்பே எழுதுகிறவன் எத்தனை பேர் இருப்பான்? எங்கள் அரசுக் கயிற்றுக் கம்பெனியில் நான் ஒருவன்தான். போர்டு கிளார்க் பூதலிங்கம் பிள்ளை என்றால் திருவனந்தபுரத்துப் பெரிய உத்தியோகஸ்தர்கள் வரைக்கும் தெரியும்.

கம்பெனி நாகர்கோவிலைத் தாண்டி, ராஜாக்கமங்கலம் போகிற சாலையில் இருந்தது. முழுப் பங்கும் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காருடையது. இருநூறு பெண்கள் கயிறு திரித்தார்கள். சாயச்சாலையில் நாரைச் சாயத்தில் வேகவைக்க ஒரு பாய்லர் இருந்தது. டைரக்டர்கள் நாலு பேரும் சர்க்கார் மனிதர்கள். ஆகஸ்டு மாதம் வருடாந்திர மீட்டிங். அது கம்பெனியில் நடக்காது, பத்து மைல் தள்ளிக் கன்னியாகுமரியில், கடலைப் பார்த்த சர்க்கார் விடுதியில் நடக்கும். டைரக்டர்கள் குடும்பத்தோடு வருவார்கள். கடலாடி, அம்மனைத் தொழுது, பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்கு இலை போட்டாக வேண்டும். அவியலும் எரிசேரியும் ஆறிப்போனால் சேர்மனுக்கு முகம் சுருங்கிவிடும். ஆகவே நான் எழுதிக்கொண்டு போவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

எழுதுவதும் பெரிய காரியமில்லை. போன வருஷத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேதியை மாற்ற வேண்டியதுதான். அதில் ஒரு பத்தி உண்டு: 'இயக்குநர்கள் ஆலைக்கு நேரில் சென்று பாய்லரைப் பார்வையிட்டனர். ஃபோர்மேன் உடனிருந்து விளக்கினார். பாய்லர் நல்ல நிலையில் உள்ளதைப் போர்டு திருப்தியுடன் குறித்துக்கொண்டது.' 1949-இல், பாய்லர் வந்த வருஷம், அவர்கள் நிஜமாகவே வந்து பார்த்தார்கள். பத்து நிமிஷம் நின்றார்கள், வியர்வையைத் துடைத்தார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பத்தி மட்டும் வருஷா வருஷம் வந்தது. இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நான் நினைத்திருந்தேன்.

மினிட்ஸின் ஒரு நகல் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போகும். போர்டே பார்த்துத் திருப்தி என்று சொல்லிவிட்ட பிறகு அவர் எதற்கு வெயிலில் நாகர்கோவில் வரை வர வேண்டும்? அனுமதியை நீட்டித்து ஒரு கடிதம் வந்துவிடும்.

ஐம்பத்தாறாம் வருஷம், மீட்டிங்குக்கு முந்தின நாள் ஜெபசீலன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். பாய்லர் ஃபோர்மேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், கப்பலில் பாய்லர் பார்த்தவன். கையில் நாலாக மடித்த காகிதம்.

"ஸாரே, இதை நாளைக்கு போர்டுக்கு முன்ன வைக்கணும்."

"என்ன வே, மகளுக்குக் கல்யாணமா?"

அவன் சிரிக்கவில்லை. "பாய்லருக்க பின்பக்கத் தகடு வீங்கிட்டு வருது. உள்ள குழாய் எல்லாம் காகிதம் போலத் தேஞ்சு போச்சு. பத்தாததுக்கு மானேஜர் சொல்லி சேஃப்டி வால்வுல ஒரு இரும்புக்கட்டி தொங்குது. ஆவி வீணாப் போகப்பிடாதாம். இது ரெண்டும் ஒரு நாளு எல்லாரையும் கொண்டு போவும் ஸாரே."

உள்ளே ஆவி அளவு மீறினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய வால்வு அது. அதன் கையில் பாரம் தொங்கினால் அது எப்படித் திறக்கும்? இவ்வளவு எனக்கே புரிந்தது. மானேஜர் சத்தியநேசனுக்கு விறகுச் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும், அதுவும் புரிந்தது.

"வைக்கேன், போ" என்றேன்.

"வச்சாப் போராது. இந்த வருஷமாவது அவங்கள கூட்டிட்டு வந்து காட்டணும். ஒரு தடவ கண்ணால பாத்தாப் போரும்."

மினிட்ஸ் ஏற்கெனவே எழுதி முடித்துக் காய்ந்துவிட்டது. அதுதான் எனக்கு எரிச்சல். இந்தப் பயல் இரண்டு நாள் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கடிதத்தை வைக்கத்தான் செய்தேன். சேர்மன் அதைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டார். "பூதலிங்கம், நவம்பர் ஒண்ணாம் தேதி இந்தத் தாலுகா எல்லாம் மெட்ராஸுக்குப் போகும். கம்பெனியும் போகும். போகிற நேரத்துல நம்மள் புதுசா ஒரு பாய்லருக்கு உத்தரவிட்டா நாளைக்கு ஆரு பதில் பறையும்? அவங்க வந்து பாத்துக்கொள்ளட்டும்" என்றார்.

"பெரிய செலவு வந்தா என்ன செய்யன்னு போன மாசமே மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டாச்சு ஸார். நவம்பர் ஒண்ணு வரைக்கும் அவங்களுக்கு இதுல பாத்தியதை இல்லைன்னு பதில்."

"அப்போ சரி. ரெண்டு கூட்டரும் ஒரே அபிப்பிராயம்" என்று சொல்லி அவர் பேனாவைத் திறந்தார். நாலு கையெழுத்தும் விழுந்தன. நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'ஃபோர்மேனின் கடிதம் பார்வைக்கு வைக்கப்பட்டது.' பார்வையிட்ட பத்தி அப்படியே இருந்தது. அன்று பால்பாயசம்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ஜெபசீலன் பாய்லரில் தீ போட மறுத்துவிட்டான். சாயச்சாலைப் பெண்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். சத்தியநேசன் மினிட்ஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். அத்தனை பேர் முன்னிலையிலும் அந்தப் பத்தியை வாசித்தார். போர்டு நேரில் பார்த்தது, நீயே கூட நின்று விளக்கியிருக்கிறாய், நல்ல நிலைமை என்று எழுத்தில் இருக்கிறது, இப்போது நாடகம் போடுகிறாயா என்று கேட்டார். ஜெபசீலன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். மூன்றாம் நாள் அவனை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்தான். எனக்கு முன்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்க வேலை போனாப் போட்டு. அதை நான் கேக்க வரல்ல. போர்டு பாய்லரைப் பாக்கல்லன்னு ஒரு வரி எழுதுங்க ஸாரே. ஒரே ஒரு வரி. அதைக் கொண்டு நான் இன்ஸ்பெக்டருட்ட போறேன்."

"நாலு பெரிய மனுசன் ஒப்பு வச்ச புத்தகம் வே அது. அதுல நான் கை வைக்கதா? எனக்கென்ன தலை தெறிச்சா போச்சு?"

"ஒப்பு அவங்களுக்க. எழுத்து ஒங்களுக்கதான?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எழுந்திரு, வெளியே போ என்று கத்தினேன். பியூன் எட்டிப் பார்த்தான். உண்மையைச் சொன்னவன்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதைப்போல மோசமான கோபம் வேறு கிடையாது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல நாக்கு கூசுகிறது. என் ஒரே மகள் அழகியநாயகியைத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மில்லில் பாய்லர் பார்க்கிற கணபதியப்பனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன். பரீட்சை எழுதிச் சர்டிபிகேட் வாங்கின பையன், தங்கமான குணம். என் வீட்டுக்காரி தாணம்மாள் மகளைப் பிரிந்த நாள்முதல் அழுதுகொண்டே இருந்தாள். ஜெபசீலன் வேலை காலி என்று தெரிந்த அன்றைக்கே, "நம்ம மாப்பிளையைக் கொண்டாரப்பிடாதா?" என்று ஆரம்பித்தாள். நான் சத்தியநேசனிடம் போனேன். போர்டு கிளார்க் கேட்டு அவர் எப்படி இல்லை என்பார்? அக்டோபர் இரண்டாம் வாரம் மகளும் மருமகனும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து கோட்டாற்றில் வீடு பிடித்தார்கள். தகடு வீங்குகிறது என்ற பேச்சு எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஜெபசீலன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வடசேரிச் சந்தையில் வாழைக்காய் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஜெபசீலன் குரல்.

"மருமவன் வந்தாச்சுன்னு கேட்டேன்."

சண்டைக்கு வருகிறான் என்று நினைத்துத் திரும்பினேன். அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினான்.

"அவருட்ட சொல்லுங்க ஸாரே. தண்ணி ஏத்தும்போ உள்ள இருந்து ஒரு இருமல் சத்தம் கேக்கும். அது கேட்டா உடனே தீயை வாரி வெளிய போடணும். பின்பக்கம் செங்கல் கட்டுல ஒரு இடத்துல ஈரம் கசியும், அதை தினம் பாக்கணும். கசிவு நின்னா நல்லதுன்னு நினைக்கப்பிடாது. நின்னா அடுத்தது அதுதான்."

"அடுத்தது எதுடா?"

அவன் தன் பையிலிருந்து இரண்டு வாழைக்காயை எடுத்து என் பைக்குள் போட்டுவிட்டு, "பிள்ளைகுட்டிக்காரங்க நீங்க" என்று மட்டும் சொல்லிப் போனான். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அக்டோபர் முப்பத்தொன்று சாயங்காலம், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நான் பாய்லரைப் பார்க்கப் போனேன். மறுநாள் எங்கள் தாலுகா மெட்ராஸ் ராஜ்யத்தில் சேருகிற நாள். சத்தியநேசன் பந்தல் போட்டுத் தோரணம் கட்டியிருந்தார். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதவேண்டும், ஊர் முழுக்கக் கேட்கவேண்டும், முழு ஆவி ஏற்று என்று மருமகனுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். பந்தல் வேலைக்காக இரண்டு நாளாகப் பாய்லர் அணைந்து கிடந்தது.

கணபதியப்பன் விளக்கைப் பிடித்துப் பின்பக்கம் காட்டினான். தகடு புடைத்திருந்தது. பிள்ளைத்தாச்சி வயிறுபோல இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். செங்கல் கட்டில் பழைய ஈரத்தின் வெள்ளைத் தடம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"கசிவு நின்னு போச்சா?"

"நேத்திலேருந்து கசியல்ல மாமா. அடைச்சுக்கிட்டுன்னு நினைக்கேன்."

சந்தையில் ஜெபசீலன் சொன்னதை நான் இவனிடம் சொல்லியே இருக்கவில்லை. "மாப்பிளே, நாளைக்கு தீ போடவேண்டாம்."

"எனக்கும் மனசு சரியில்லதான். ஆனா போர்டு ஆகஸ்டு மாசம் பாத்து நல்ல நிலைமைன்னு எழுதியிருக்கே. மானேஜர் காட்டினாரு. ஒங்க எழுத்துதான், நான் பாத்த உடனே கண்டுகிட்டேன்."

"பாக்கல்ல" என்றேன். "ஒருத்தரும் பாக்கல்ல. நான்தான் போன வருசத்துப் பக்கத்தைப் பாத்து எழுதினேன்."

அவன் விளக்கைத் தாழ்த்தினான். என்மேல் அவனுக்கு இருந்த மதிப்பு போவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மாமா, வாயால சொன்னா நான் நிறுத்த முடியாது. ஜெபசீலன் நிறுத்தினாரு, என்ன ஆச்சு? அங்கயும் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். தீ போடாதேன்னு எழுத்துல ஒரு கடுதாசி கொண்டாங்க. ஆரு குடுத்தாலும் சரி. அதை வச்சுக்கிட்டு நான் சும்மா உக்காந்திருவேன்."

"பன்னிரண்டு மணிக்கு முன்ன கொண்டாறேன்" என்றேன். நேரே சத்தியநேசனிடம் போய்ச் சொன்னேன். பந்தல்காரனிடம் பேசிக்கொண்டே, "போர்டு உத்தரவு இருந்தா காட்டும், இல்லைன்னா ஆளை விடும்" என்றார்.

விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருவனந்தபுரம் போனேன். கம்பெனித் தாள், முத்திரை எல்லாம் பையில். சேர்மன் கையெழுத்து ஒன்று வாங்கினால் போதும். எட்டரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். பூஜையில் இருக்கிறார் என்றார்கள். பிறகு கொடியேற்றப் போயிருக்கிறார் என்றார்கள். பத்து மணிக்கு வந்தார். கசவு வேட்டி, நெற்றியில் சந்தனம். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"பூதலிங்கம், இந்நு மொதல் ஞான் உங்க கம்பெனிக்கு ஆரும் இல்ல. நேத்து ராத்திரியோட அந்த போர்டு தீர்ந்து. ஞான் ஒப்பு வச்சா அது வெறும் கடலாசு."

"அப்போ யாரு ஸார் போர்டு?"

"மெட்ராஸ்காரர் நியமிக்கணும். ஒரு மாசம் ஆகும்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆருமில்ல."

கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ட்ரங்க் கால் பதிவு செய்தார். அன்று ஊருக்கு ஊர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. அவர் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? அங்கயே நீ ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கலாமே. எப்பவும் நீதானே எழுதினது? ஞங்கள் ஆராவது வாசிச்சு நோக்கியிட்டுண்டா?"

வந்த வழியே ஓடினேன்.

பத்தரை பஸ் கிடைத்தது. பாலராமபுரம் தாண்டும்போது முழங்கால்மேல் பையை வைத்து, கம்பெனித் தாளை விரித்து எழுதினேன். 'பாய்லரில் இன்று தீ மூட்டக்கூடாது. மூட்டியிருந்தால் உடனே அணைக்கவும்.' கீழே என் பெயரைப் போட்டேன். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் என் பெயரில் நான் எழுதிய முதல் உத்தரவு. பொய்யை எழுத ஒருவரிடமும் அனுமதி கேட்காதவன், உண்மையை எழுதக் கையெழுத்துத் தேடி நாற்பது மைல் போயிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

தக்கலையில் பஸ் நின்றபோது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். தெருவெல்லாம் கொடி. பத்மநாபபுரம் கோட்டைப் பக்கம் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "சந்தோசத்துக்குப் போடுகான், பயப்படாதியும்" என்றார். டிரைவரை வேகமாகப் போகச் சொன்னேன். மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று வில்லுக்குறியிலும் நிறுத்தினான். பன்னிரண்டு எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் இறங்கி ஒரு வாடகைக் காரில் ஏறினேன். எங்கே போக வேண்டும் என்று சொன்னதும் டிரைவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "அங்க பாய்லர் போயிட்டுல்லா" என்றான்.

சாயச்சாலைக்கு ஓட்டுக்கூரை இல்லை. தென்பக்கச் சுவர் இல்லை. சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் ரோடு வரைக்கும் ஓடி வந்திருந்தன, ஜனங்கள் அதில் மிதித்துக்கொண்டு நின்றார்கள். சங்கு ஊதி முடித்த கையோடு வெடித்ததாம். பந்தலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே வேலையாக நின்ற பூங்கனி, முத்துக்கனி என்ற இரண்டு பெண்களும் என் மருமகனும் போய்விட்டார்கள். ஜெபசீலன் எங்கிருந்தோ வந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செங்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டான், குனிந்து அடுத்த செங்கல்லை எடுத்தான்.

அழகியநாயகி வேலியோரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையில் காகிதம் இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அவள்தான் விரலைப் பிரித்து வாங்கினாள். வாசித்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

"இது ஆரு எழுதினது?"

"நான்தான் மக்கா."

"சேர்மன் ஒப்பு எங்க?"

"அவரு போடல்ல."

"எங்க வச்சு எழுதினிய?"

"பஸ்ஸுல."

அவள் காகிதத்தை மடியில் வைத்துச் சுருக்கம் நீக்கித் தடவினாள். நேற்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்றாள். ஒரு கடுதாசி வந்தால் போதும், மாமா கொண்டுவந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். காலையிலும் பதினொன்றரை வரைக்கும் தீயைப் பெரிதாக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு மானேஜர் வந்து சத்தம் போட்டாராம்.

"அவரு கேட்டது இவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன்.